தூங்குமூஞ்சியின் நிறம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கலரக்கா. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பளபளவென்று உடுத்திக்கொண்டு ஒருத்தி வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாம்பல் நிற உடுப்பும் பழுப்புக் கைப்பையும் சத்தம் போடாத செருப்புமாக அவள் அவர்களைத் தாண்டிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள்.

விண்மீன் திரள்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளப்பது அவள் வேலை. கேலக்ஸி என்று சொல்கிறோமே, அவைதான். எல்லாவற்றையும் அல்ல. சிலவற்றுக்கு மட்டும் நடுவில் அடங்காத பசி உண்டு. அங்கே ஒரு கருந்துளை உட்கார்ந்துகொண்டு சுற்றியிருக்கும் வாயுவையும் தூசியையும் இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே விழப்போகிற பொருள், விழுவதற்கு முன் சூடேறித் தகதகக்கும். நிறைய விழுந்தால் வெளிச்சம் ஏறும், கொஞ்சமாக விழுந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வருஷக்கணக்கில் விடாமல் அளந்தால், யார் கண்ணுக்கும் தெரியாத அந்த வயிற்றைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். அதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே அவளுக்கு ரொம்ப நாள் நம்ப முடியாததாக இருந்தது.

தொலைநோக்கி இருப்பது எங்கோ ஒரு மலை மேல். இரவில் எடுத்த படங்கள் காலையில் அவள் கணினிக்கு வந்துவிடும். அவள் உட்காரும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். "எங்கம்மா பட்டப்பகல்ல, ஜன்னலச் சாத்திக்கிட்டு நட்சத்திரம் பாக்குறாங்க," என்று மகள் தன் சிநேகிதிகளிடம் சொல்வாள். பொய் இல்லை.

திரையில் ஒரு கறுப்புப் படம் வரும். அதில் மங்கலாக ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி அவள் ஒரு வட்டம் போடுவாள். வட்டத்துக்குள் விழுந்த வெளிச்சத்தைக் கணினி கூட்டிக் கொடுக்கும். அத்தனையும் புள்ளியின் வெளிச்சம் என்று நம்பிவிட முடியாது; வெறும் வானமும் லேசாக ஒளிரத்தான் செய்யும். அதனால் வெளியே ஒரு வளையம் போட்டு, அங்கே வானம் எவ்வளவு என்று பார்த்துக் கழிப்பாள். பிறகு பக்கத்து நட்சத்திரங்களில் சாதுவானவற்றை, எந்தக் காலத்திலும் கூடாமல் குறையாமல் எரிகிறவற்றை, அதே மாதிரி அளந்து அவற்றோடு ஒப்பிடுவாள். நீலக் கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் ஒரு தடவை, சிவப்புக் கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம்.

இதற்கு முன்னால் ஒரு பெயின்ட் கடையில் இருந்தாள். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லை நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள். கலக்கிக் கொடுப்பாள். சுவர் காய்ந்ததும் சண்டைக்கு வருவார்கள். விண்மீன் திரள்களில் எதுவும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அவள் கையில் கொடுத்த முதல் திரள் ஒன்று இருந்தது. அப்போது அது ஜோராக எரிந்துகொண்டிருந்தது. இரண்டொரு வருஷம் ஆட்டம் போட்டுவிட்டு, சாப்பிட்டது போதும் என்பதுபோல் அடங்கிப் போனது. அடங்கினது அடங்கினதுதான். அலுவலகத்தில் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். "தூங்குமூஞ்சி எப்படிக்கா இருக்கு?" என்று போகிற போக்கில் கேட்பார்கள். "தூங்குது," என்பாள். அதை அவள் சொல்கிற தொனியில், தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற ஒரு கவனம் இருக்கும்.

அப்புறம் அவள் முதுகு அவளைக் கீழே தள்ளியது. ஒரு நாள் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை, அதன் பிறகு மாதக்கணக்கில் மல்லாந்த கிடை. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் எந்த மாடிக்கு நடுவில் யார் மாட்டிக்கொண்டாலும் அவர் கைபேசிதான் அலறும். அந்த மாதங்களில் அவர் ஆட்களை இறக்கிவிட்டு ஓடி வந்து, இவளைப் புரட்டிப் படுக்கவைத்து, தலை வாரிவிட்டு, திரும்ப ஓடினார். பேராசிரியை விடுப்புக் கடிதத்தை ஒரு கேள்வி கேட்காமல் நீட்டித்துக்கொண்டே போனார். அவர் கலரக்காவை விட வயதில் சின்னவர். அந்தப் பிரிவுக்கே தலைவர். ஆனாலும் எல்லோரையும் போல அவருக்கும் இவள் அக்காதான்.

ஒரு நாள் பேராசிரியை தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க இல்லாம எல்லாத்தையும் அளக்க ஆளில்ல. தூங்குமூஞ்சிய மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன். அதுக்கான டெலஸ்கோப் நேரத்த இன்னொரு திரள் கேக்குது. நேரம் பங்கு போடற வருஷக் கூட்டத்துல பேசி முடிவு பண்ணிக்கலாமா?"

"சரி மேடம்," என்றாள். வேறென்ன சொல்ல. போனை வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தாள். விட்ட இரவு விட்டதுதான். நாளைக்கு எத்தனை படம் எடுத்தாலும் நேற்றையது கிடைக்காது. இத்தனை வருஷம் அறுபடாமல் வந்த ஒரு கோடு, தன் முதுகினால் அறுந்தது என்று நினைத்தபோது முதுகை விட அது வலித்தது. கூட்டத்தில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கப்போவதில்லை.

வருஷக் கூட்டத்துக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். அவள் நாற்காலியில் புதிதாக ஒரு முதுகுத் தலையணை இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கணினியைத் திறந்து படங்களைத் தேடினாள். தூங்குமூஞ்சி கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று பார்க்கத்தான் அந்தக் கோப்புறைக்குள் போனாள். போனவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவள் படுத்திருந்த மாதங்கள் முழுக்கப் படங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஆனால் விடாமல்.

மலையில் தொலைநோக்கியை இயக்குகிறவரை அவள் மலையண்ணன் என்பாள். நேரில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். மற்றபடி எல்லாம் தொலைபேசிக் குரல்தான். பேச்சு என்றால் அவருக்குக் கட்டுப்படியாகாத செலவு.

"அண்ணே, தூங்குமூஞ்சி படமெல்லாம் வந்திருக்கே?"

"ம்."

"அதத்தான் நிறுத்தியாச்சே?"

"நிறுத்தியாச்சு." மலைக்காற்றுக்கு மேலே குரலை உயர்த்தினார். "லிஸ்ட்ல இருக்கிறதெல்லாம் முடிஞ்சப்புறம், விடியறதுக்குள்ள சில நாள் கொஞ்சம் நேரம் மிஞ்சும்மா. கூரைய மூடறதுக்கு முன்னாடி சும்மாதானே நிக்கிறோம்னு, அது பக்கம் திருப்பினேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க?" என்றார். பிறகு, "முதுகு எப்படி இருக்கு?"

"உக்கார முடியுது அண்ணே."

"அப்ப உக்காந்து அள. நான் தூங்கப் போறேன்."

அவள் அளந்தாள். நீலப் படங்களை முதலில் எடுத்துக்கொண்டாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பழைய அளவுதான். தூக்கம், அதே தூக்கம். கடைசிப் படத்துக்கு வந்தாள். எண் எகிறி நின்றது. வட்டத்தை அழித்து மறுபடி போட்டாள். எண் இறங்கவில்லை. சாது நட்சத்திரங்கள் அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் இருந்தன. புள்ளி மட்டும் ஏறியிருந்தது.

பேராசிரியையின் அறைக்கு அவள் நடந்த நடையை முதுகு வைத்தியர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

"மேடம், கண்ண முழிச்சிருச்சு!"

"யாரு?"

"தூங்குமூஞ்சி!"

பேராசிரியை எழுந்தே விட்டார். மலையண்ணனின் கதையைக் கேட்டு, "அடப்பாவி மனுஷா," என்று வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து விழிக்கிற ஒன்றைத் தொடக்கத்திலேயே பிடிப்பது லேசில் அமையாது. உடனே மற்ற நாடுகளின் தொலைநோக்கிக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்ப வேண்டும், எல்லோரும் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று. சாயங்காலத்துக்குள் போனால்தான் அவர்கள் இன்றிரவே பார்க்க முடியும். நாளை மறுநாள் கூட்டத்தில் இதைத் தூக்கிக் காட்டினால் பட்டியலிலிருந்து எடுக்க யாருக்கு வாய் வரும்?

"நான் செய்திய எழுதி வெக்கிறேன். நீங்க செவப்பையும் அளந்து நிறத்தப் போட்டுக் குடுத்துடுங்கக்கா. சேத்தே அனுப்பிடலாம்."

சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்புப் படத்தைத் திறந்தாள். இந்த மாதிரித் திரள் விழிக்கும்போது புதிதாகச் சேர்கிற வெளிச்சம் நீலமாக இருக்கும். சூடு அப்படி. தூங்கியபோது இருந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு, கூடுதலாக வந்ததற்கு மட்டும் நிறம் கணக்கிட்டாள். நீலம் வரவில்லை. மஞ்சள் வந்தது. ஏதோ ஒரு மஞ்சள் இல்லை. தினமும் பார்த்துப் பழகிய எண். நம் சூரியனுக்கும் அதைப் போன்ற நட்சத்திரங்களுக்கும் உரிய நிறம்.

முதலில் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. இத்தனை மாதம் கை விட்டுப்போன வேலை. மறுபடி அளந்தாள். எண் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீலப் படத்தில் புள்ளி துளி நீண்டிருந்தது. சில நிமிஷம் கழித்து எடுத்த சிவப்புப் படத்தில் அதன் நடு மயிரிழை தள்ளியிருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற திரள் சில நிமிஷத்தில் நகராது. நகர்கிறது என்றால் அது பக்கத்தில் இருக்கிறது. சூரிய வெளிச்சத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நகர்கிறது என்றால், அது நம் சூரியனைச் சுற்றுகிற ஒரு கல். சிறுகோள். ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கல், படம் எடுக்கிற நேரம் பார்த்துக் குறுக்கே நடந்திருக்கிறது.

இப்படிப்பட்ட வழிப்போக்கர்களைப் பிடிக்கத்தான் எப்போதும் நீலமும் சிவப்புமாக இரண்டு ஜோடிப் படம் எடுப்பது வழக்கம். இடையில் சற்று நேரம் விட்டு எடுத்தால் கல் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். மலையண்ணனுக்கு மிஞ்சிய நேரத்தில் ஒரு ஜோடிக்குத்தான் இருட்டு இருந்திருக்கிறது. சிறுகோள்களின் அட்டவணையில் அந்த நாளையும் திசையையும் போட்டுத் தேடினாள். இருந்தது. பெயர்கூட வைக்காத, எண் மட்டும் கொடுத்த ஒரு கல்.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 'நிறம் முடியல மேடம், ரெண்டு நாளாகும்' என்று ஒரு வார்த்தை போதும். பேராசிரியை வெறும் வெளிச்சத்தை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார். கூட்டம் முடிந்துவிடும். தூங்குமூஞ்சி பட்டியலில் தங்கிவிடும். முதுகு சரியில்லாதவள் மெதுவாகச் செய்தாள் என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை. எதிர்ச் சுவரின் குழாயில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியை நம்பி, எங்கெங்கோ இருக்கிற தொலைநோக்கிக்காரர்கள், ஒவ்வொருவரும் தங்களுக்கென்று வைத்திருக்கிற ஒரு புள்ளியை விட்டுவிட்டு இதன் பக்கம் திரும்புவார்கள். அவர்களிலும் மிஞ்சின நேரத்தில் எடுக்கிற ஒரு மலையண்ணன் இருக்கத்தான் செய்வார்.

எழுந்து போனாள்.

"மேடம், அனுப்பிட்டீங்களா?"

"இல்லக்கா. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"அனுப்பாதீங்க. அது முழிக்கல."

படங்களைக் காட்டினாள். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கல்லா?"

"கல்லு."

"நம்ம வீட்டு வாசல்ல கெடக்கிற கல்லு?"

"ஆமா மேடம்."

பிறகு பேராசிரியை தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அக்கா, நீங்க நல்லா இருக்கணும். உலகத்தையே எழுப்பிவிட்டு, எல்லாரும் வந்து எட்டிப் பாத்தா, அது குறட்ட விட்டுக்கிட்டு இருந்திருக்கும். என் மானம் கப்பலேறியிருக்கும்."

"அண்ணன் மேல தப்பில்ல மேடம். விடியற நேரம். ஒரு ஜோடிக்குத்தான்..."

"தப்புன்னு யாரு சொன்னா? நான் நிறுத்தினத அவரு நிறுத்தல. நான்தான் வெக்கப்படணும்." எழுதி வைத்திருந்த செய்தியை அழித்தார். அழித்த பிறகு முகம் வாடிவிட்டது. "ஆனா கூட்டத்துல நான் என்னத்தக்கா சொல்றது? ஒண்ணுமே பண்ணாத ஒண்ணுக்கு நேரம் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது?"

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பிப் பழைய படங்களைத் திறந்தாள்.

மறுநாளும் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டே கழிந்தது. கூட்டத்துக்குக் கொண்டுபோக ஒன்றும் அகப்படவில்லை. சாயங்காலம் கணவர் கையில் கிரீஸோடு வந்தார். ஒரு குண்டு மனிதர் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் இவரைக் கட்டிப்பிடித்து அழுத கதையைச் சொன்னார். அவள் சிரிக்காததைப் பார்த்து, "என்ன, முதுகா?" என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"சரி, அது என்ன குத்தம் பண்ணுச்சு? தூங்குச்சு. அவ்வளவுதானே?" என்றார் அவர், கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே. "நீகூடத்தான் அத்தன மாசம் மல்லாந்து கெடந்த. உன்ன லிஸ்ட்லேர்ந்து எடுத்தேனா?"

"சமைக்க வேற ஆள் கெடச்சிருந்தா எடுத்திருப்பீங்க."

"சமைச்சதே நான்தானேம்மா!"

"அத சமையல்னு மட்டும் சொல்லாதீங்கப்பா," என்றாள் மகள், அடுத்த அறையிலிருந்து.

கலரக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தட்டுகளை அடுக்கினாள். படுத்திருந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. ஓடியாடிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் அவள் பார்த்ததெல்லாம் தன் வேலையை மட்டும்தான். ஓட்டம் நின்ற பிறகுதான் மற்றது தெரிந்தது. கணவர் தலை வாரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். மகள் கதவோரம் வந்து, அம்மா தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, நுனிக்காலில் போவாள். வீடு எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இவளுடைய பரபரப்பு அதன்மேல் விளக்கு அடித்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

கையில் தட்டோடு அப்படியே நின்றாள்.

கூட்டத்தன்று காலை பேராசிரியை கைப்பையை மேசையில் வைப்பதற்குள் போய் நின்றாள்.

"மேடம், அது நல்லா எரிஞ்ச காலத்துல நான் அளந்தேனே, அந்த வட்டத்துக்குள்ள நடுவுல இருக்கிறதோட வெளிச்சம் மட்டும் இல்லையே. அந்தத் திரள்ல இருக்கிற மத்த நட்சத்திரமெல்லாம்..."

"கலந்துதான் இருக்கும். அதுதான் நம்ம தலைவலியே. எவ்வளவு கலந்திருக்குன்னு தெரியாததாலதான் நிறமே சுத்தமா வரமாட்டேங்குது."

"இப்ப நடுவுல இருக்கிறது தூங்குது..."

பேராசிரியை கைப்பையை விட்டுவிட்டார். அது சாய்ந்து விழுந்து பேனாக்கள் உருண்டன. "அப்ப இப்ப வட்டத்துல விழறது பூரா மத்த நட்சத்திரம்தான்! அத அளந்து பழசுலேர்ந்து கழிச்சா... அக்கா, அத்தன வருஷத்துக் கணக்கும் சுத்தமாயிடும்! ஒரு படம் பத்தாதே, மங்கலா இருக்குமே..."

"ஒண்ணா இருக்கு? நம்ம பழைய படமெல்லாம் அவசரத்துல எடுத்தது. அண்ணன் ஒவ்வொண்ணையும் ரொம்ப நேரம் தொறந்து வெச்சு, எவ்வளவு எடுத்து வெச்சிருக்காரு."

அந்த யோசனை யாருடையது என்று பின்னால் கேட்டவர்களுக்கு இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டினார்கள்.

கல் நுழைந்த ஜோடியைத் தள்ளிவிட்டு, மீதி எல்லாவற்றையும் நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்படி அடுக்கிக் கூட்டினாள். ஒவ்வொரு படமாகச் சேரச் சேர, திரையில் இருட்டு மெல்ல வழவழப்பானது. புள்ளியைச் சுற்றி முதலில் புகை மாதிரி ஏதோ. பிறகு புகைக்கு ஒரு வளைவு. பிறகு தெளிவாகவே இரண்டு கைகள், சுழன்று விரிந்து, கணக்கில்லாத நட்சத்திரங்களை ஏந்திக்கொண்டு. இத்தனை வருஷம் அவள் அதை ஒரு புள்ளியாக மட்டுமே பார்த்திருக்கிறாள். மனிதர் யாரும் பிறக்காத காலத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம், யாருக்கும் வேண்டாத நேரமாகப் பார்த்து வந்து இறங்கியிருக்கிறது.

கூட்டத்தில் அதைத் திரையில் போட்டார்கள். நேரம் ஒதுக்குகிற குழுவின் தலைவர் நெடுநேரம் புருவத்தைச் சொறிந்தார். முன்போல அடிக்கடி நேரம் தர முடியாது என்றார். மாதத்துக்கு ஒரு முறை தரலாம், விழிக்கிற வரைக்கும் என்றார். பட்டியலில் பெயர் இருக்கும். கலரக்கா பழைய கணக்குகளையெல்லாம் திரும்பப் போட வேண்டும். வருஷக்கணக்கான வேலை. அவளுக்கு இனிப்பு கொடுத்த மாதிரி இருந்தது.

மதியம், மலையண்ணன் தூங்கி எழுகிற நேரமாகப் பார்த்து, படத்தை அவருக்கு அனுப்பினாள். உடனே அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இது எந்த ஊர் டெலஸ்கோப்பும்மா? ரொம்பப் பெருசா இருக்கும்போல."

"உங்களோடதுதான் அண்ணே."

"வெளையாடாத. நம்மளோடதுல இந்தக் கையெல்லாம் தெரியாது."

"ஒரு படத்துல தெரியாது. நீங்க மிச்சம் புடிச்ச நேரம் மொத்தத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சேன். கூட்டத்துல காட்டினோம். லிஸ்ட்ல இருக்கு அண்ணே. எடுக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார். "சில நாள் குளிருதுன்னு சீக்கிரமே கூரைய மூடிட்டுப் போயிட்டேன். இப்படின்னு தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேனே."